பாதி முடிந்த பாயின்ட் அண்ட் கிளிக் கேமுக்கு வரும் கருத்துகளை நம்பி வாங்கலாமா?

நம்பலாம், ஆனால் கருத்து எழுதிய தேதியைப் பார்த்துவிட்டு. ஆறு மாதத்துக்கு முன் ஒருவர் திட்டிய பிழை இன்று இல்லாமலே போயிருக்கலாம்.

பாயின்ட் அண்ட் கிளிக் என்றால், திரையில் உள்ள பொருள்களைக் கிளிக் செய்து, புதிர்களை அவிழ்த்துக் கதையை நகர்த்தும் கேம். இந்த வகையில் ஒரு தனிச் சிக்கல் உண்டு. சண்டை கேம் என்றால் பாதியில் இருந்தாலும் திரும்பத் திரும்ப ஆடலாம். இங்கே புதிரின் விடை ஒருமுறை தெரிந்துவிட்டால் சுவாரசியம் போய்விடும். முழுப் பதிப்பு வரும்போது, ஏற்கெனவே ஆடியவர் பழைய பகுதிகளை விறுவிறுவென்று கிளிக் செய்து கடந்துவிடுவார்.

இரண்டு பாதிகளாக வந்த ‘புரோக்கன் ஏஜ்’ என்ற கேம் நல்ல உதாரணம். 2012இல் மக்களிடம் நிதி திரட்டும் கிக்ஸ்டார்ட்டர் தளத்தில் 4 லட்சம் டாலர் கேட்டு, 33 லட்சத்துக்கும் மேல் திரட்டியது. முதல் பாதி 2014 ஜனவரியில் வந்தது. புதிர்கள் ரொம்பச் சுலபம் என்றார்கள். 2015இல் வந்த இரண்டாம் பாதியிலோ, ஒரு பாத்திரத்தின் கதையில் கிடைக்கும் குறிப்பை வைத்து இன்னொரு பாத்திரத்தின் புதிரை அவிழ்க்க வேண்டியிருந்தது. அந்தப் பாத்திரத்துக்கு அது எப்படித் தெரியும் என்று பலர் கடுப்பானார்கள். நியாயமான கேள்விதான்.

நான் பெரிதாக எடுத்துக்கொள்வது இப்படிப்பட்ட வரிகளைத்தான்: “சாவி திரையில் இருந்தது, பின்னணியோடு கலந்துவிட்டதால் கண்ணில் படவே இல்லை.” இதில் குறை என்ன, எங்கே என்பது தெரிகிறது. “ஓவியம் அருமை, சீக்கிரம் முடியுங்கள்” என்பதை வைத்து ஒன்றும் முடிவு செய்ய முடியாது.

அப்புறம், ‘கென்டக்கி ரூட் ஜீரோ’ என்ற இதே வகை கேமின் முதல் அங்கம் 2013இல் வந்தது, ஐந்தாவது 2020இல். அவ்வளவு பொறுமை இருந்தால் பாதி முடிந்த கேமை இப்போதே வாங்குங்கள்.