அலைக்கு ஏன் இத்தனை பெயர்? அலைச்சறுக்குக் கேள்வி பதில்

கடல் அலைகளுக்கு அலைச்சறுக்குக்காரர்கள் வைத்திருக்கும் பெயர்கள் பற்றி வந்த கேள்விகளும் அவற்றுக்கான பதில்களும் இவை. அலை எப்படிப் பிறக்கிறது, எப்படி உடைகிறது, அந்த உடைப்புக்கு என்ன பெயர் என்பது வரைக்கும் சொல்கிறேன்.

கேள்வி: அலை முன்னறிவிப்பில் கிரவுண்ட் ஸ்வெல், விண்ட் ஸ்வெல் என்று இரண்டு போடுகிறார்கள். இரண்டுமே காற்றால் வருவதுதானே?

ஆமாம், இரண்டையும் எழுப்புவது காற்றுதான். ஸ்வெல் என்றால் காற்று எழுப்பிக் கரைக்கு அனுப்பும் அலைக்கூட்டம். அது எவ்வளவு வேகமாக, எவ்வளவு நேரம், எவ்வளவு நீளமான கடற்பரப்பின் மேல் வீசியது என்பதில்தான் இரண்டும் பிரிகின்றன. பக்கத்திலேயே சில மணி நேரம் வீசிய காற்று எழுப்புவது விண்ட் ஸ்வெல். முகடுகள் நெருக்கமாக, ஒழுங்கில்லாமல் வரும். பெரும்புயல் ஒன்று ஆயிரக்கணக்கான கிலோமீட்டருக்கு அப்பால் நாள்கணக்கில் வீசி அனுப்புவது கிரவுண்ட் ஸ்வெல். வரும் வழியிலேயே அலைகள் தரம் பிரிந்து, கரைக்கு அருகே வரும்போது வரி பிடித்தாற்போல் இருக்கும்.

இரண்டையும் பிரித்துக் காட்டும் எண் பீரியட், அதாவது ஒரு முகடு கடந்து அடுத்த முகடு வர ஆகும் வினாடிகள். பொதுவாக 10-க்குக் கீழே இருந்தால் விண்ட் ஸ்வெல், 12-13-க்கு மேல் போனால் கிரவுண்ட் ஸ்வெல். ஆழ்கடலில் அலைநீளத்தை மீட்டரில் அறிய, பீரியடை அதாலேயே பெருக்கி 1.56-ஆல் மீண்டும் பெருக்குங்கள். 8 வினாடி அலை 100 மீட்டர் நீளம், 16 வினாடி அலை 400 மீட்டர். பீரியட் இரட்டித்தால் நீளம் நான்கு மடங்கு.

அலைநீளத்தில் பாதி ஆழத்துக்கு வந்ததும் அலைக்குத் தரை தட்டுப்படத் தொடங்கும். 8 வினாடி அலைக்கு அது 50 மீட்டர் ஆழத்தில், 16 வினாடி அலைக்கு 200 மீட்டர் ஆழத்தில். அதனால் நீண்ட அலை கரைக்கு வெகு முன்பே வளையவும் வேகம் குறைந்து எழும்பவும் தொடங்கிவிடுகிறது. நேரான சாய்வுள்ள கரையில், ஆழ்கடலில் 1 மீட்டர் உயரம் இருந்த 8 வினாடி அலை உடையும்போது சுமார் 1.4 மீட்டர் நிற்கும். அதே 1 மீட்டர், 16 வினாடியில் வந்தால் சுமார் 1.9 மீட்டர்.

பயண வேகமும் அப்படித்தான். 16 வினாடி அலைக்கூட்டம் மணிக்கு 45 கிலோமீட்டர் போகும், 8 வினாடிக் கூட்டம் 22 தான். 2,000 கிலோமீட்டர் தள்ளியிருக்கும் புயலின் நீண்ட அலைகள் இரண்டு நாளுக்குள் வந்துவிடும். குட்டை அலைகள் வர நான்கு நாள் ஆகும். ஒரு ஸ்வெல்லின் முதல் அலைகள் எப்போதும் உயரம் குறைவாகவும் பீரியட் அதிகமாகவும் இருப்பது இதனால்தான். கடல் அமைதியாகத் தெரியும் அந்த நேரத்தில்தான் பலர் ஏமாறுகிறார்கள். இறங்குவதற்கு முன் கரையில் நின்று 20 நிமிடம் பாருங்கள். இதை இன்னும் ஒரு முறை சொல்வேன்.

கேள்வி: அலை எந்தப் பக்கம் உடைகிறது என்பதை வைத்துச் சொல்லும் லெஃப்ட், ரைட் என்பது யாருடைய இடது, வலது?

அலையில் கரையைப் பார்த்தபடி சறுக்குபவருடையது. கரையில் நிற்பவருக்கு நேர்மாறாகத் தெரியும்.

கேள்வி: பீச் பிரேக், பாயின்ட் பிரேக், ரீஃப் பிரேக் என்பவை இடத்தின் பெயரா, அலையின் பெயரா?

அலை எதன் மேல் உடைகிறதோ அதன் பெயர். பிரேக் என்றால் உடைப்பு.

பீச் பிரேக் மணல்திட்டின் மேல் உடையும். மணல் நகரும், எனவே ஒரு புயலுக்குப் பிறகு நேற்றைய அலை இன்று அங்கே இருக்காது. பிரான்ஸின் ஒசகோர் நல்ல உதாரணம்: அருகே ஆழமான கடலடிப் பள்ளத்தாக்கு இருப்பதால் ஸ்வெல் வலுக் குறையாமல் வந்து மணலில் மோதுகிறது. மணல்தானே, மென்மையாக இருக்கும் என்று நினைத்தால் தவறு.

பாயின்ட் பிரேக்கில் நிலம் மூக்குப்போல் கடலுக்குள் நீண்டிருக்கும். ஸ்வெல்லின் ஒரு முனைக்கு முதலில் தரை தட்டி வேகம் குறைகிறது, மறுமுனை ஆழத்தில் வேகமாகவே போகிறது. அதனால் வரிசை முழுவதும் மூக்கைச் சுற்றி வளைந்து, ஒரு முனையிலிருந்து மறுமுனைக்குத் தோல் உரிவதுபோல் உடைந்துகொண்டே போகும். இப்படி உடைவதைத்தான் பீல் என்கிறோம். தென்னாப்பிரிக்காவின் ஜெஃப்ரீஸ் பே ரைட், பெருவின் சிகாமா லெஃப்ட், இரண்டுமே மிக நீளமானவை.

ரீஃப் பிரேக் பவளத்தின் அல்லது பாறையின் மேல் உடைவது. அடித்தளம் நகராது என்பதால் அலை ஒவ்வொரு முறையும் ஏறக்குறைய ஒரே புள்ளியில் எழும். 2024 ஒலிம்பிக்கின் அலைச்சறுக்குப் போட்டி நடந்த டஹிட்டியின் தியாஹுபோ இந்த வகை.

நான்காவதாக ஆற்று முகத்துவாரம். ஆறு கொண்டுவரும் மணல் விசிறிபோல் படிந்து அருமையான திட்டு அமையும், ஆனால் கை வைத்தால் குலையும். ஸ்பெயினின் முன்டாகாவில் தூர்வாரியதைத் தொடர்ந்து மணல்திட்டு சிதைந்து, 2005-இல் அங்கே நடக்கவிருந்த உலகப் போட்டி ரத்தானது.

கேள்வி: முதல் பலகை எத்தனை அடியில் வாங்கலாம்?

பலகைகள் என் துறை அல்ல. கற்றுக்கொடுப்பவர் உங்கள் எடையையும் நீச்சலையும் நேரில் பார்த்துச் சொல்லட்டும்.

கேள்வி: குளோஸ்அவுட் என்றால் பெரிய அலையா?

இல்லை. முழங்கால் அளவு அலையும் குளோஸ்அவுட் ஆகும். முகடு முழு நீளத்துக்கும் ஒரே நேரத்தில் கவிழ்ந்தால் அதுதான் குளோஸ்அவுட். பக்கவாட்டில் ஓட இடமே இருக்காது.

முகட்டுக் கோட்டுக்கும் உடைப்பு நகரும் பாதைக்கும் இடையே உள்ள கோணம்தான் இங்கே கணக்கு. கோணம் பூஜ்யம் என்றால் குளோஸ்அவுட். 1.5 மீட்டர் அலை சுமார் 2 மீட்டர் ஆழத்தில் உடையும், அப்போது அதன் வேகம் வினாடிக்கு 4.4 மீட்டர் அளவில் இருக்கும். கோணம் 45 பாகை என்றால் உடைப்பு தன் பாதையில் வினாடிக்குச் சுமார் 6 மீட்டர் வேகத்தில் நகரும், 30 பாகை என்றால் கிட்டத்தட்ட 9 மீட்டர். அதற்கும் குறைந்தால் தேர்ந்தவருக்கே ஓடித் தப்புவது கடினம். கடற்கரையின் கோடும் ஸ்வெல்லின் கோடும் இணையாக இருந்து மணலும் சமமாகக் கிடந்தால், அன்று முழுக்க குளோஸ்அவுட்தான்.

கேள்வி: முன்னறிவிப்பு 3 அடி என்றது. போய்ப் பார்த்தால் தலைக்கு மேல் அலை. செயலி பொய் சொல்கிறதா?

பொய் சொல்லவில்லை. அது தந்தது பெரும்பாலும் ஆழ்கடலின் சிக்னிஃபிகன்ட் உயரம்: எல்லா அலைகளிலும் உயரமான மூன்றில் ஒரு பங்கின் சராசரி. ஆகவே அதைவிடப் பெரிய அலைகள் கட்டாயம் வரும். 10 வினாடி இடைவெளியில் மூன்று மணி நேரத்துக்கு ஆயிரம் அலைக்கு மேல் வருகிறது. அதில் மிகப் பெரியது அந்த எண்ணைப்போல் 1.8 மடங்குக்கு மேல் இருப்பது இயல்பு. அதற்கும் மேல், நீண்ட பீரியட் என்றால் கரையில் இன்னும் எழும்பும் என்று முதல் பதிலிலேயே சொன்னேன்.

மறுப்பு: அலையின் உயரத்தை முன்பக்கமிருந்து சொல்வதே தவறு. பின்பக்கமிருந்து அளப்பதுதான் சரியான முறை. ஹவாயில் அப்படித்தான்.

ஹவாயில் அப்படிச் சொல்லும் வழக்கம் உண்டு, அதை மதிக்கிறேன். அங்கே ஒருவர் 6 அடி என்றால் முகப்பு, அதாவது அலையின் முன்பக்கம், ஏறக்குறைய 12 அடி இருக்கும். ஆனால் அதை அளவு முறை என்று ஏற்க முடியாது. உடையப்போகும் அலையின் முன்பக்கம் செங்குத்து, பின்பக்கம் நீண்ட சரிவு. பின்னாலிருந்து பார்ப்பவருக்கு முன்னாலிருக்கும் அகடு, அதாவது முகட்டுக்குக் கீழே உள்ள பள்ளம், தெரியவே தெரியாது. அகடு சுற்றியுள்ள நீர்மட்டத்தைவிடத் தாழ்ந்திருக்கிறது, அந்தப் பங்கைக் கணக்கில் விட்டுவிடுகிறீர்கள். கடலியலார் அளப்பதும் அகட்டிலிருந்து முகடு வரைதான். போர்ச்சுகலின் நசாரேயில் 2020 அக்டோபரில் செபாஸ்டியன் ஸ்டாய்ட்னர் சறுக்கிய 26.21 மீட்டர் உலக சாதனையும் முகப்பின் உயரம்தான்.

மறுப்பு: அப்படியென்றால் பின்பக்கத்தை இரண்டால் பெருக்கினால் போதுமே, எதற்கு இவ்வளவு சர்ச்சை?

போதாது. மெதுவாக வழியும் தடித்த அலையில் இரண்டும் நெருக்கமாக வரும். ரீஃபில் திடீரென எழும் அலையில் இரண்டு மடங்கையும் தாண்டும். ஒரே பெருக்கெண் எல்லாக் கரைக்கும் பொருந்தாது. உடல் அளவில் சொல்லிப் பழகுங்கள்: முழங்கால், இடுப்பு, மார்பு, தலை, தலைக்கு மேல், இரு தலை. கேட்பவர் எந்த ஊராக இருந்தாலும் குழப்பம் வராது. கூடவே பீரியடைச் சொல்லுங்கள். இடுப்பு அளவு 16 வினாடி என்றால் புரிந்தவர் ஜாக்கிரதையாக இறங்குவார்.

கேள்வி: 3 அடி என்றால் மீட்டரில் எவ்வளவு? இறங்கலாமா?

0.9 மீட்டர். உயரத்தை மட்டும் வைத்து இறங்கலாமா என்று சொல்ல முடியாது. மேலே இருப்பதைப் படியுங்கள்.

கேள்வி: பேரல் எப்போது உருவாகும்? ஸ்லாப் என்பதும் பேரல்தானா?

அலையின் மேல்விளிம்பு லிப், வழுக்கிப் போகும் சுவர் ஃபேஸ், இன்னும் உடையாத சரிவு ஷோல்டர், உடைப்புக்கு ஒட்டிய செங்குத்தான இடம் பாக்கெட். லிப் முன்னால் எறியப்பட்டு அகட்டில் விழும்போது நடுவே உண்டாகும் குழல்தான் பேரல், டியூப் என்றும் சொல்வார்கள்.

அலை பெரும்பாலும் தன் உயரத்தைப்போல் சுமார் 1.3 மடங்கு ஆழத்தில் உடைகிறது. தரை மெல்லச் சரிந்தால் முகட்டிலிருந்து நுரை வழியும். மஷி என்று சொல்வது அதைத்தான். தரை சட்டென ஏறினால் அலையின் அடி பின்தங்கி, மேல்பகுதி முந்திப் பாய்ந்து குழலாகும். கடற்கரை மிகச் செங்குத்தாக இருந்தால் உடையாமலே ஏறி இறங்கும்.

ஸ்லாப் என்பது இதன் எல்லை. ஆழ்கடலிலிருந்து ஒரே படியாகப் பாறை எழும் இடத்தில் அலைக்கு மெலிய அவகாசமே இல்லை. லிப்பின் தடிமனும் அலையின் உயரத்துக்கு ஈடாக இருக்கும், முன்னால் உள்ள நீர் உறிஞ்சப்பட்டு அகடு கடல்மட்டத்துக்குக் கீழே போகும். தியாஹுபோவின் பெரிய நாள்களில் நடப்பது இதுதான். அடியில் பவளத்துக்கு மேல் நிற்கும் நீர் மிகக் குறைவு. விழுந்தால் தலைகீழாகப் பாயக்கூடாது. உடலை விரித்துத் தட்டையாக விழுந்து, கைகளால் தலையை மறையுங்கள்.

கேள்வி: கிளாஸி, சாப்பி, ப்ளோன் அவுட்?

கிளாஸி: காற்றே இல்லை, கண்ணாடிபோல் நீர். சாப்பி: சிறு அலைகள் ஃபேஸைக் கரடுமுரடாக்குகின்றன. ப்ளோன் அவுட்: காற்று எல்லாவற்றையும் குலைத்துவிட்டது, அன்றைய சறுக்கு முடிந்தது.

இவற்றை முடிவு செய்வது காற்றின் திசை. நிலத்திலிருந்து வீசும் ஆஃப்ஷோர் முகட்டைத் தாங்கிப் பிடிப்பதால் அலை சற்றுத் தாமதமாக, இன்னும் ஆழம் குறைந்த இடத்தில், செங்குத்தாக உடையும். கடலிலிருந்து வீசும் ஆன்ஷோர் முதுகில் தள்ளி, சீக்கிரமே சரியவைக்கும். ஆஃப்ஷோர் நல்லது என்று கேள்விப்பட்டு எவ்வளவு வீசினாலும் இறங்குபவர்களுக்கு ஒரு எச்சரிக்கை: பலமாக வீசினால் பலகையின் அடியில் காற்றுப் புகுந்து உங்களை லிப்பிலேயே நிறுத்திவிடும், தெறிப்பு கண்ணை மறைக்கும், களைத்தவரைக் கடலுக்குள் தள்ளிக்கொண்டும் போகும்.

கேள்வி: கரையிலிருந்து பார்த்தால் அலை இடப்பக்கம் ஓடுகிறது. அது லெஃப்ட்தானே?

ரைட். இரண்டாவது கேள்வியைப் பாருங்கள்.

கேள்வி: சுனாமியில் சறுக்க முடியுமா?

முடியாது. சுனாமியில் ஃபேஸ் என்று ஒன்று அமைவது அரிது, கடலே ஏறி உள்ளே வருவதுபோல் இருக்கும். அதை டைடல் வேவ் என்பதும் பிழை, ஓதத்துக்கும் (கடல் நீர்மட்டத்தின் அன்றாட ஏற்ற இறக்கம்) அதற்கும் சம்பந்தமில்லை. உண்மையாகவே ஓதத்தால் வரும் அலைக்குப் பெயர் டைடல் போர்: இங்கிலாந்தின் செவர்ன், அமேசான் (அங்கே அதன் பெயர் பொரொரோகா), சீனாவின் சியான்டாங் ஆறுகளில் ஆற்றை எதிர்த்து மேலேறும். அதில் சறுக்குகிறார்கள்.

கேள்வி: ஏ-ஃப்ரேம், வெட்ஜ், டபுள்-அப் வித்தியாசம் சொல்லுங்கள்.

நல்ல கேள்வி. மூன்றும் எழும் அலைகள்தான், எழும் காரணம் வேறு. ஏ-ஃப்ரேம் கூரைபோல் நடுவில் உச்சி எழுந்து இருபக்கமும் உடையும். ஹவாயில் ஒரே உச்சியின் லெஃப்ட் பக்கம் பைப்லைன், ரைட் பக்கம் பேக்டோர்.

வெட்ஜில் இரண்டு அலைகள் சாய்வாகச் சந்திக்கின்றன. கலிஃபோர்னியாவின் நியூபோர்ட்டில் ஒரு அலை கல்கட்டில் மோதித் திரும்பி, அடுத்து வரும் அலையோடு சேர்ந்து கூம்பாக எழுகிறது. அந்த இடத்தின் பெயரே வெட்ஜ்.

டபுள்-அப்பில் பின்னால் வரும் அலை முன்னதை எட்டிப் பிடித்து அதன் மேல் ஏறிக்கொள்ளும். ஃபேஸின் நடுவே படிபோல் ஒரு மடிப்பு தெரிந்தால் அதுதான். கைகளால் துடுப்பிடும்போது சாதாரணமாகத் தெரிந்து, எழுந்து நிற்கும் கணத்தில் இரு மடங்காகும். புதியவர் விட்டுவிட வேண்டிய அலை.

கேள்வி: 3 அடி ஹவாய் அளவா, முகப்பு அளவா என்று செயலியில் எப்படிக் கண்டுபிடிப்பது?

அதன் விளக்கப் பகுதியில் இருக்கும். உயரக் கேள்விகளை இத்துடன் நிறுத்துகிறேன்.

கேள்வி: நான் சறுக்குபவன் இல்லை, குளிக்க மட்டும் இறங்குவேன். அலை உடையாத, நுரை இல்லாத இடத்தில் இறங்கினால் பாதுகாப்புதானே?

தயவுசெய்து அங்கே இறங்காதீர்கள். இரண்டு பக்கமும் நுரை, நடுவில் மட்டும் கருத்து அமைதியாக ஒரு பாதை தெரிந்தால், அது சேனல். அங்கே ஆழம் அதிகம், அதனால்தான் அலை உடையவில்லை. கரைக்கு வந்த நீரெல்லாம் அந்த வழியாகத்தான் திரும்பிப் போகிறது. அந்த இழுப்புக்குப் பெயர் ரிப். சறுக்குபவர்கள் பலகையோடு வெளியே போகப் பயன்படுத்தும் அதே பாதை பலகை இல்லாதவரை இழுத்துக்கொண்டு போகும். மாட்டிக்கொண்டால் எதிர்த்து நீந்தாதீர்கள். மிதந்தபடி கையை உயர்த்தி உதவி கேளுங்கள். தெம்பிருந்தால் கரைக்கு இணையாக, நுரை தெரியும் பக்கம் நீந்தி, பிறகு அலையோடு திரும்புங்கள்.

குளிப்பவர்களுக்கு இன்னொரு பெயரும் தெரிந்திருக்க வேண்டும்: ஷோர்பிரேக், கரையின் விளிம்பிலேயே மொத்தமாகக் கவிழும் அலை. கணுக்கால் தண்ணீரில் உடைவதால் சின்னதாகத் தெரியும், ஆனால் தலை மணலில் மோதிக் கழுத்தெலும்பு முறியும். அதற்கு முதுகைக் காட்டி நிற்காதீர்கள், அதில் தலைகீழாகப் பாயாதீர்கள்.

கேள்வி: செட், லல், கிளீன்-அப் செட்?

பீரியட் சற்றே வேறுபடும் அலைகள் ஒன்றோடொன்று சேர்ந்து வலுப்பெறும்போது மூன்று முதல் ஏழெட்டு அலைகள் பெரிதாக வரும், அது செட். ஒன்றையொன்று தணிக்கும் நேரம் லல். எல்லோரும் காத்திருக்கும் லைன்-அப்புக்கும் வெளியே உடைந்து அத்தனை பேரையும் அடித்துக்கொண்டு போவது கிளீன்-அப் செட். நீண்ட பீரியட் நாள்களில் இரண்டு செட்டுகளுக்கு நடுவே கால் மணி நேரம்கூடக் கடல் ஓய்ந்து கிடக்கும். ஐந்து நிமிடம் பார்த்து இறங்கியவர், லிப் வந்து விழும் இம்பாக்ட் சோனில் இருக்கும்போதுதான் அன்றைய முதல் செட்டைப் பார்ப்பார். 20 நிமிடக் கணக்கு அதற்காகத்தான்.