நீண்ட நாள் வெளியூர் போகும்போது வீட்டில் 'ஆள் இருக்கும் அடையாளம்' வேண்டும் என்கிறார்களே, அது என்ன?

வெளியிலிருந்து பார்ப்பவருக்கு, உள்ளே யாரோ இருக்கிறார்கள் என்று தோன்ற வேண்டும். அவ்வளவுதான். கல்யாண மண்டபத்தில் நாற்காலியில் கைப்பையை வைத்துவிட்டுப் போனால், யாரும் அதில் உட்கார மாட்டார்கள் அல்லவா? அதே போலத்தான்.

இதற்குக் காரணம், திருட வருபவர் பெரும்பாலும் வீட்டுக்காரரோடு மோத விரும்புவதில்லை. காலி வீட்டைத்தான் தேடுவார். கோலாலம்பூர் தாமான்களில், அதாவது குடியிருப்புப் பகுதிகளில், அதை முதலில் காட்டிக்கொடுப்பது பூட்டு. வீட்டில் இருக்கும்போது கிரில் கதவின் பூட்டு உள்பக்கம் தொங்கும். வெளியே போனால் வெளிப்பக்கம் தொங்கும். தெருவில் நடந்து போகிறவருக்கே அது தெரிந்துவிடும். பூட்டு வெளியே தெரியாத, கதவோடு சேர்ந்த சாவிப்பூட்டைப் பொருத்துவதுதான் என் கணக்கில் முதல் வேலை, கேமராவெல்லாம் அப்புறம்.

அடுத்து தபால் பெட்டி. கரண்டு பில்லும் விளம்பரத் தாளும் பிதுங்கி நின்றால் வேறு சாட்சியே வேண்டாம். பக்கத்து வீட்டு அக்காவிடம் சொல்லி எடுத்து வைக்கச் சொல்லுங்கள், வாசலில் அவர்கள் காரைக்கூட நிறுத்திக்கொள்ளட்டும். தீபாவளி போன்ற நாட்களில் போலீஸ் நிலையத்தில் 'பாலிக் கம்போங்' படிவம், அதாவது ஊருக்குப் போகிறோம் என்று தெரிவிக்கும் படிவம், கொடுத்துவிட்டும் போகலாம். ரோந்து வருபவர்களுக்கு எந்த வீடு காலி என்று தெரியும்.

பலர் வாசல் விளக்கை இரவு பகலாக எரியவிட்டுப் போவதைப் பாதுகாப்பு என்று நினைக்கிறார்கள்; உண்மையில் பகல் 12 மணிக்கு எரியும் விளக்குதான் ஆளில்லை என்று சொல்லிவிடும், அதனால் மாலையில் எரிந்து காலையில் அணையும்படி டைமர் போடுங்கள்.