எண்ணிக்கை நாள்

அன்புள்ள ஐயா,

சமூகப்பணி படிக்கிறேன். களப்பணிக்காக இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம் ஒன்றுக்குப் போய்வந்தேன். அங்கே அரசு மாதாமாதம் தரும் பணக்கொடையைத் தனியாகவே வைத்திருப்பதா, திறன் பயிற்சி, வேலைவாய்ப்பு போன்ற மற்ற திட்டங்களோடு இணைத்துவிடலாமா? நாற்பது வருடமாக உதவி வாங்கிப் பழகியதில் உழைக்கும் எண்ணம் குறைந்துவிட்டதோ என்றும் தோன்றியது.

– ஒரு மாணவர்

அன்புள்ள தம்பி,

கடைசி வரியை எழுதும் முன் ஒரு கணக்குப் போட்டிருக்கலாம். 2021 ஆகஸ்டில் உயர்த்திய தொகையே குடும்பத் தலைவருக்கு மாதம் 1,500 ரூபாய், மற்ற பெரியவர்களுக்கு 1,000, குழந்தைகளுக்கு 500. ஒரு நாளைக்கு 50 ரூபாயை வைத்துக்கொண்டு எந்தக் குடும்பத் தலைவர் காலை நீட்டிப் படுப்பார்? நீங்கள் போனது பகல் நேரமாக இருக்கும். ஆண்கள் பெயிண்ட் அடிக்கப் போயிருப்பார்கள். இன்ஜினியரிங் முடித்துவிட்டு அப்பாவோடு பிரஷ் பிடிக்கும் பையன்களும் அதில் உண்டு. இனிமேல் இப்படி எழுதாதீர்கள்.

பள்ளியில் என் பெஞ்சில் ஒரு முகாம் பையன் இருந்தான். சில நாட்கள் வரமாட்டான். கேட்டால், "செக்கிங்" என்பான். முகாமில் ஆட்களை எண்ணிச் சரிபார்க்கும் நாள் அது. ஒருமுறை அவனோடு போனேன். வேப்பமரத்தடியில் மேஜை போட்டு, அதிகாரி பேரேட்டைப் பார்த்துப் பெயர் பெயராகக் கூப்பிட்டார். அவன் அப்பா கோயம்புத்தூரில் வேலை செய்துகொண்டிருந்தவர். ராத்திரி பஸ்ஸில் நின்றபடியே வந்திருந்தார். காதோரம் வெள்ளைப் பெயிண்ட் காய்ந்து ஒட்டியிருந்தது. பெயரைச் சொன்னதும் "ஐயா" என்றார். அவ்வளவுதான் வேலை. அந்த ஒரு சொல்லுக்கு இரண்டு நாள் கூலி போனது. வராவிட்டால் முகாம் பதிவை வெட்டிவிடுவார்கள். பதிவு போனால் பணம், அரிசி, குடியிருக்கும் அறை எல்லாம் போகும்.

இணைக்கலாமா என்கிறீர்கள். எதை எதோடு இணைப்பது? உதவி பதிவோடு கட்டப்பட்டிருக்கிறது, பதிவு முகாமோடு. கெடுபிடி இடத்துக்கு இடம், காலத்துக்குக் காலம் மாறும், முடிச்சு அதேதான். வெளியூரில் மூன்று மாதப் பயிற்சி என்றால் போகலாமா என்று முதலில் அனுமதி கேட்க வேண்டும். பயிற்சி முடித்துத் தூரத்தில் வேலை கிடைத்தால், வேலையா பதிவா என்று வந்து நிற்கும். கையில் திறமையைக் கொடுத்துவிட்டுக் காலில் கயிற்றை விட்டுவைத்தால் அது என்ன வளர்ச்சித் திட்டம்? பணக்கொடை ஆளோடு போக வேண்டும். அவர் ஓசூரில் இருந்தாலும் திருப்பூரில் இருந்தாலும் அது அவருடையதாக இருக்க வேண்டும். அதைச் செய்துவிட்டு அப்புறம் எந்தத் திட்டத்தோடு வேண்டுமானாலும் இணையுங்கள்.

புதிதாகக் கட்டித் தரும் வீடுகள் நல்ல காரியம், அதில் எனக்கு வாதம் இல்லை. குடியுரிமை பெரிய விஷயம். 1987 ஜூலை முதல் இங்கே அகதிப் பெற்றோருக்குப் பிறந்த பிள்ளைக்கும் அது பிறப்பால் கிடைப்பதில்லை. அதை இன்னொரு நாள் எழுதுகிறேன்.

உங்களுக்கு அக்கறை இருக்கிறது தம்பி, இல்லாவிட்டால் இதைக் கேட்டே இருக்க மாட்டீர்கள். அடுத்த முறை ஆண்கள் வீடு திரும்பும் நேரத்துக்குப் போங்கள். எண்ணிக்கைக்காக இந்த வருடம் எத்தனை நாள் கூலி போனது என்று மட்டும் கேளுங்கள். அந்த எண்ணை எனக்கு எழுதி அனுப்புங்கள்.

அன்புடன்.