தேடினால் மெயில் கிடைக்கிறது, ஆனால் அது எந்த ஃபோல்டரில் இருக்கிறது?

கேள்வி: தண்டர்பேர்ட் என்ற மெயில் செயலியில் மூன்று மெயில் கணக்குகள் வைத்திருக்கிறேன். பழைய மெயில் ஒன்றைத் தேடினால் உடனே வந்துவிடுகிறது, ஆனால் அது எந்தக் கணக்கில், எந்த ஃபோல்டரில் இருக்கிறது என்று தெரியவில்லை. அதோடு வந்த மற்ற மெயில்களையும் பார்க்க வேண்டும். எப்படிக் கண்டுபிடிப்பது?

பதில்: முதலில் எந்தத் தேடலைப் பயன்படுத்துகிறீர்கள் என்று பாருங்கள், ஏனென்றால் தண்டர்பேர்டில் தேடல் ஒன்றல்ல, மூன்று. மெயில் பட்டியலுக்கு மேலே வரும் குயிக் ஃபில்டர், நீங்கள் அப்போது திறந்து வைத்திருக்கும் ஃபோல்டருக்குள் மட்டும்தான் வடிகட்டும். ஜன்னலின் உச்சியில் இருக்கும் பெரிய தேடல் பெட்டி எல்லாக் கணக்குகளையும் சேர்த்துத் தேடி, முடிவுகளைத் தனி டேப்பில் காட்டும். உங்களுக்குக் குழப்பம் தந்தது இதுவாகத்தான் இருக்கும். மெயிலின் தலைப்பும் இரண்டு வரியும் பெரிதாகத் தெரியும், இருக்கும் இடம் மட்டும் பளிச்சென்று கண்ணில் படாது.

அந்த முடிவுகளை அப்படியே பட்டியலாகத் திறக்க மேலேயே ஒரு லிங்க் உண்டு, அதை அழுத்துங்கள். வழக்கமான மெயில் பட்டியல் போலத் திறக்கும். அதன் தலைப்பு வரிசையின் கடைசியில் சின்னதாக ஒரு ஐகான் இருக்கும். அதைக் கிளிக் செய்தால் எந்தெந்தப் பத்திகளை (காலம்களை) காட்டலாம் என்று ஒரு மெனு வரும், அதில் 'லொக்கேஷன்' என்பதை டிக் செய்யுங்கள். ஒவ்வொரு மெயிலுக்கு எதிரேயும் அதன் ஃபோல்டர் பெயர் வந்து நிற்கும். உங்களிடம் மூன்று கணக்குகள் இருப்பதால், மூன்றிலும் 'இன்பாக்ஸ்' என்றே ஒரு ஃபோல்டர் இருக்கும் இல்லையா, அதனால் 'அக்கவுண்ட்' பத்தியையும் சேர்த்து டிக் செய்துவிடுங்கள்.

அப்புறம் அந்த மெயில் மீது வலது கிளிக் செய்து, அது இருக்கும் ஃபோல்டரிலேயே திறக்கச் சொல்லும் கட்டளையைத் தேர்ந்தெடுங்கள். மெயில் தன் சொந்த ஃபோல்டரில், அக்கம்பக்கத்து மெயில்களோடு திறக்கும். நீங்கள் கேட்ட 'அதோடு வந்த மற்றவை' அங்கேதான் இருக்கும்.

என்னைக் கேட்டால், இந்த வேலைக்கு நான் முதலில் கை வைப்பது மூன்றாவது தேடலில்தான். கண்ட்ரோல், ஷிஃப்ட், எஃப் மூன்றையும் சேர்த்து அழுத்தினால் தனி ஜன்னல் வரும். எந்தக் கணக்கு, அனுப்பியவர் யார், எந்தத் தேதிக்கு முன்னால் என்று நிபந்தனைகளை அடுக்கலாம், உள்ஃபோல்டர்களையும் தேடச் சொல்லலாம். பார்க்கப் பழைய காலத்து ஜன்னல் மாதிரிதான் இருக்கும், ஆனால் ஃபோல்டர் பெயர் கேட்காமலே முடிவில் வந்துவிடும். ஐமேப் கணக்காக (மெயில்கள் சர்வரிலேயே இருக்கும் வகை) இருந்து, மெயிலின் உள்ளடக்கம் உங்கள் கணினிக்கு இறங்காமல் இருந்தால், சர்வரிலேயே தேடு என்ற பெட்டியை டிக் செய்யுங்கள். இல்லாவிட்டால் மெயிலுக்குள் இருக்கும் வார்த்தை அகப்படாது.

மெயில் நீங்கள் நினைக்காத இடத்தில் போய் உட்கார்ந்திருந்தால் பயப்பட வேண்டாம், பெரும்பாலும் காரணம் சாதாரணமானது. தண்டர்பேர்டில் ஒரு மெயிலைத் தேர்ந்தெடுத்த நிலையில் கீபோர்டில் 'ஏ' என்ற ஒற்றை எழுத்தைத் தட்டினாலே போதும், அது ஆர்கைவ்ஸ் ஃபோல்டருக்குப் போய்விடும், அதுவும் வழக்கமாக அந்தந்த வருடத்தின் பெயரில் இருக்கும் உள்ஃபோல்டருக்குள். தேடல் பெட்டியில் தட்டுவதாக நினைத்து, கர்சர் பட்டியலில் இருக்கும்போது யாராவது 'ஏ' தட்டிவிட்டால் மெயில் சத்தமில்லாமல் நகர்ந்துவிடும். காணாமல் போனதாகச் சொல்லப்படும் எத்தனையோ மெயில்கள் அங்கேதான் பத்திரமாக இருக்கின்றன.

ஜிமெயில் கணக்கு என்றால் இன்னொன்றும் பார்ப்பீர்கள், ஒரே மெயில் இரண்டு தடவை வரும். ஜிமெயிலில் மெயில்களுக்கு ஒட்டும் அடையாளப் பெயரான லேபிள் என்பதைத்தான் தண்டர்பேர்ட் ஃபோல்டராகக் காட்டுகிறது, அதனால் இன்பாக்ஸில் இருப்பது 'ஆல் மெயில்' என்பதிலும் தெரியும். இரண்டு பிரதி இருக்கிறதே என்று ஒன்றை அழிக்கப் போகாதீர்கள், தயவுசெய்து. உள்ளே இருப்பது ஒரே மெயில்தான்.

தேடலில் வரும் மெயிலைத் திறந்தால் வெறுமையாக இருக்கிறதா? அப்படியானால் அந்த ஃபோல்டரின் மீது வலது கிளிக் செய்து ப்ராப்பர்ட்டீஸில் 'ரிப்பேர் ஃபோல்டர்' கொடுங்கள்.

சரி, டிஸ்க்கில் எந்தக் கோப்பில் இருக்கிறது என்பதுதான் உங்கள் கேள்வி என்றால், ஹெல்ப் மெனுவில் ட்ரபிள்ஷூட்டிங் இன்ஃபர்மேஷன் திறந்து, ப்ரொஃபைல் ஃபோல்டரை (உங்கள் மெயில்களும் அமைப்புகளும் இருக்கும் இடம்) திறக்கும் பொத்தானை அழுத்துங்கள். உள்ளே ஐமேப் கணக்குகளுக்கு 'ஐமேப்மெயில்', மற்றவற்றுக்கு 'மெயில்' என்று ஃபோல்டர்கள் இருக்கும். வழக்கமான அமைப்பில் ஒரு மெயில் ஃபோல்டர் முழுவதும் ஒரே கோப்பு, அதற்கு எக்ஸ்டென்ஷன் கிடையாது. பக்கத்திலேயே அதே பெயரில் எம்.எஸ்.எஃப் என்று முடியும் கோப்பு வெறும் பட்டியல்தான், மெயில் அதில் இல்லை. பேக்கப் எடுக்கும்போது தண்டர்பேர்டை மூடிவிட்டு, ப்ரொஃபைல் ஃபோல்டர் மொத்தத்தையும் எடுத்துக்கொள்ளுங்கள்.