சாக்ரடீஸும் லியோனும்

அன்புள்ள ஐயா,

பிளேட்டோ எழுதிய சாக்ரடீஸின் நீதிமன்ற உரையையும், அவர் சிறையில் நண்பர் கிரீட்டோவோடு பேசும் ‘கிரீட்டோ’வையும் அடுத்தடுத்து வாசித்தேன். முதலாவதில், தத்துவம் பேசக்கூடாது என்று உத்தரவிட்டாலும் கேட்கமாட்டேன் என்கிறார். இரண்டாவதில், சட்டத்தை மீறக்கூடாது என்று சிறையிலிருந்து தப்ப மறுக்கிறார். தன் அறம் பெரிதா, ஊரின் அறம் பெரிதா என்பதில் அவருக்கே தெளிவில்லையோ?

ஆர்.

அன்புள்ள ஆர்.,

தெளிவு இருந்தது என்றே நினைக்கிறேன். ‘கிரீட்டோ’வில் சட்டங்களே வந்து பேசும் பகுதிதான் எல்லாருக்கும் நினைவில் நிற்கிறது. உன்னைப் பெற்று வளர்த்த எங்களை எதிர்ப்பாயா என்ற அந்த வாதம் எனக்குப் பலவீனமாகவே படுகிறது. அதற்கு முன்பே கிரீட்டோவை அவர் ஒன்றுக்கு ஒப்புக்கொள்ள வைத்துவிடுகிறார்: நமக்கு அநீதி நடந்தாலும் பதிலுக்கு நாம் அநீதி செய்யக்கூடாது. தத்துவத்தைக் கைவிட்டால் அது அவர் செய்யும் தவறு. நஞ்சு குடிப்பது அவருக்கு நேரும் தவறு. இப்படிப் பார்த்தால் இரண்டு நூல்களும் மோதவில்லை.

அப்புறம், ஊர் என்றால் எந்த ஊர்? கி.மு. 406-இல் அர்ஜினுசே கடற்போரில் ஜெயித்த தளபதிகள், புயலில் தத்தளித்த தம் வீரர்களை மீட்கவில்லை என்று ஏதென்ஸ் மக்கள்சபை கொதித்தது. எல்லாரையும் ஒரே வாக்கெடுப்பில் தண்டிக்கக் கேட்டது. அது சட்டவிரோதம் என்று, அன்று அவையை நடத்திய குழுவில் இருந்த சாக்ரடீஸ் கடைசிவரை மறுத்தார். ஊரை எதிர்த்து ஊரின் சட்டத்துக்காக நின்றார். ஆனாலும் ஆறு தளபதிகள் கொல்லப்பட்டார்கள்.

எனக்கு உறுத்துவது லியோன் விஷயம். ஏதென்ஸில் முப்பது பேர் நடத்திய கொடுங்கோல் ஆட்சியான முப்பதின்மர் ஆட்சியில் (கி.மு. 404-403) சாக்ரடீஸையும் வேறு நால்வரையும் கூப்பிட்டு, சலாமிஸ் தீவிலிருந்து லியோன் என்பவனைப் பிடித்துவரச் சொன்னார்கள், கொல்வதற்கு. நால்வர் போனார்கள். சாக்ரடீஸ் பேசாமல் வீட்டுக்குப் போய்விட்டார். நீதிமன்றத்தில் இதைத் தன் நேர்மைக்குச் சான்றாகவே சொல்கிறார். சரி, துணிச்சல்தான், அந்த ஆட்சி சீக்கிரம் கவிழாவிட்டால் அவர் தலையும் போயிருக்கும். ஆனால் லியோனுக்கு முன்கூட்டியே ஆள் அனுப்பியதாகவோ, அந்த நால்வரைத் தடுத்துப் பார்த்ததாகவோ அவர் ஒரு வார்த்தை சொல்லவில்லை. தன் கை படியாமல் பார்த்துக்கொண்டார். லியோன் செத்தான். தனியாள் அறத்தின் குறை இங்கேதான் என்பது என் எண்ணம். ஒருவர் விலகினால் கொலை நிற்காது, ஐவரும் சேர்ந்து மறுத்திருக்க வேண்டும்.

நல்ல மனிதனும் நல்ல குடிமகனும் ஒருவனேதானா என்ற கேள்வியை அரிஸ்டாட்டில் ‘அரசியல்’ மூன்றாம் புத்தகத்தில் நேரடியாகவே எடுத்துக்கொள்கிறார். அடுத்து அதை வாசியுங்கள். பிளேட்டோவுக்குப் பிறகு நடை வறட்சியாக இருக்கும், கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள்.