இன்னும் ஒரு செடி

அன்புள்ள சார்,

உங்கள் தோட்டக் குறிப்புகளைத் தொடர்ந்து வாசிக்கிறேன். எனக்கு ஒரு வியாதி. மாடியில் 140 தொட்டிகள் இருக்கின்றன. இனி ஒரு செடிகூட வாங்குவதில்லை என்று மூன்று முறை சத்தியம் செய்தாயிற்று. உரம் வாங்கத்தானே என்று நர்சரிக்குப் போவேன். திரும்பும்போது கையில் இரண்டு செடிகள் இருக்கும், உரத்தை மறந்திருப்பேன். வீட்டில் கேட்டால் “பழைய செடிதான், இடம் மாற்றி வைத்தேன்” என்று பொய் சொல்கிறேன். வாங்கியதில் பாதி இன்னும் கவரிலேயே இருக்கிறது. சில செத்தும் போயின. செடிதானே, நல்ல விஷயம்தானே என்று சமாதானம் சொல்லிக்கொண்டாலும் உறுத்துகிறது. இந்த ஆசையை எப்படி நிறுத்துவது? (பெயர் வெளியிட வேண்டாம்.)

அன்புள்ள வாசகிக்கு,

“இடம் மாற்றி வைத்தேன்” நல்ல பொய். நான் சொல்வது “நண்பர் ஒருவர் கொடுத்தார்”. என் வீட்டுக் கணக்குப்படி எனக்குத் தாராள மனமுள்ள நண்பர்கள் முப்பது பேராவது இருக்கவேண்டும். ஆகவே நிறுத்துவது எப்படி என்று கேட்க நீங்கள் சரியான ஆளைப் பிடிக்கவில்லை. ஆனால் அந்தச் சமாதானம் எனக்கும் பழக்கமானதுதான், அதை மட்டும் நான் ஏற்கமாட்டேன். வேறு எதையாவது இப்படி வாங்கிக் குவித்தால் யாராவது திட்டுவார்கள். செடி வாங்கினால் யாரும் திட்டுவதில்லை. நாம் தப்பித்து வருவது அந்த ஓட்டை வழியாகத்தான்.

நர்சரியில் நம் கண்ணில் படும் செடி அதன் மிக அழகான வாரத்தில் இருக்கிறது. நிழல்வலைக்கு அடியில், ஈரப்பதம் குறையாமல், மெல்லக் கரையும் உரமணிகளைப் போட்டு வளர்த்து, மொட்டு விரியும் சமயம் பார்த்து முன்வரிசைக்கு நகர்த்துகிறார்கள். அது அவர்கள் தொழில், குற்றம் சொல்ல ஒன்றுமில்லை. வீட்டுக்கு வந்த பத்தாம் நாள் இலை கொட்டத் தொடங்கும். வீட்டுக்குள் வைக்கும் ஃபைகஸ் பெஞ்சமினா செடியை வாங்கியவர்களுக்குத் தெரியும், பெருக்கிப் பெருக்கிக் கை வலிக்கும். நல்ல வெளிச்சத்தில் உருவான இலை மங்கலான மூலையில் தன் செலவுக்குக்கூடச் சம்பாதிக்காது. செடி அதை உதிர்த்துவிட்டு, அந்த வெளிச்சத்துக்கு ஏற்ற இலையைப் புதிதாக விடப் பார்க்கிறது. நாமோ பதறிப்போய் இன்னும் இரண்டு குவளை தண்ணீர் ஊற்றுகிறோம். வேர் அழுகுகிறது. அப்புறம் அந்த இடம் வெறுமையாக இருக்கிறதே என்று நர்சரிக்குக் கிளம்புகிறோம். செத்த செடிகளில் பாதியாவது இப்படிப் பொறுமை இல்லாமல் நாம் கொன்றவை. என் பட்டியலும் நீளமானதுதான்.

கவர் விஷயத்துக்கு வருகிறேன், ஏனென்றால் என் உறுத்தலும் அங்கேதான். போன மாதம் ஒரு செம்பருத்தியைத் தூக்கினேன், வரவில்லை. வாங்கி இரண்டு வருடம். “தற்காலிகமாக” எலுமிச்சைத் தொட்டியின் மண்மேல் கவரோடு வைத்திருந்தேன். இன்னும் கொஞ்சம் பலமாக இழுத்தபோது பட்டென்று ஏதோ அறுந்தது. கவரின் அடி ஓட்டை வழியாகப் பென்சில் பருமனில் ஒரு வேர் இறங்கி, எலுமிச்சையின் மண்ணுக்குள் போயிருந்தது. கவரைக் கிழித்துப் பார்த்தால் உள்ளே மண்ணே கண்ணுக்குத் தெரியவில்லை. வேர்கள் சுற்றிச் சுற்றிக் கவரின் வடிவத்திலேயே இறுகிக் கிடந்தன. தினமும் நான் ஊற்றிய தண்ணீர் ஓரமாக வழிந்து வெளியே போயிருக்கிறது. நடுப்பகுதி காய்ந்த கட்டி. நான் நடாததால் அது தன்னைத்தானே நட்டுக்கொண்டது. நானோ தெரியாமல் அந்த வேரையும் அறுத்துவிட்டேன். சுருள் வேர்களை வெட்டி, கிளைகளையும் பாதிக்குக் கவாத்து செய்து பெரிய தொட்டியில் வைத்தேன். இப்போது அடித்தண்டில் நான்கு துளிர்.

அந்தத் துளிர்களைப் பார்த்தபோது எனக்கு வந்த பரபரப்பு, சரியாகப் புதுச்செடி வாங்கும்போது வருவதுதான். நமக்கு வேண்டியது புதிதாக ஏதோ வருகிறது என்ற அந்தச் செய்தி என்று நினைக்கிறேன். வாங்குவது அதற்குக் குறுக்கு வழி.

லண்டனில் நத்தானியேல் பாக்ஷா வார்ட் என்று ஒரு மருத்துவர் இருந்தார். அவருக்குப் பெரணி (ஃபெர்ன்) என்றால் உயிர். ஊரின் கரிப்புகையில் வைத்ததெல்லாம் கருகிப்போயிற்று, கைவிட்டுவிட்டார். 1829இல் ஒரு அந்துப்பூச்சியின் கூட்டுப்புழுவை ஈரமண்ணோடு கண்ணாடிப் புட்டியில் போட்டு மூடி வைத்தார். பூச்சிக்காகக் காத்திருந்தவர் கண்ணில், அந்த மண்ணிலிருந்து தானாக முளைத்த ஒரு பெரணியும் ஒரு புல்லும் பட்டன. ஏறக்குறைய நான்கு வருடம் அவை புட்டிக்குள்ளேயே வாழ்ந்தன. கதை அதோடு முடிந்திருக்கலாம். ஆனால் அவரும் நம் இனம்தானே! அதே முறையில் கண்ணாடிப் பெட்டிகள் செய்து, 1833இல் செடிகளைக் கப்பலேற்றிச் சிட்னிக்கு அனுப்பினார். உயிரோடு போய்ச் சேர்ந்தன, அங்கிருந்து வேறு செடிகள் திரும்பி வந்தன. அதன்பிறகு வெகுகாலம் கடல்தாண்டிச் செடி அனுப்ப அந்தப் பெட்டிதான். நம் வியாதிக்கு வண்டி கட்டிக் கொடுத்தவர் அவர்.

சரி, நான் செய்வதைச் சொல்கிறேன். புதுச்செடி எதுவானாலும் மற்றவற்றோடு சேர்க்காமல் இரண்டு வாரம் தனியாக வைப்பேன். இலைக்காம்பு தண்டில் சேரும் இடுக்கில் பஞ்சுபோல மாவுப்பூச்சி ஒளிந்திருந்தால் அதற்குள் தெரிந்துவிடும். அந்தத் தனி மூலையில் ஒரு செடிக்குத்தான் இடம். அது காலியாகாமல் அடுத்தது வாங்குவதில்லை. எப்போதும் கடைப்பிடிக்கிறேன் என்று சொன்னால் முப்பது நண்பர்களும் சிரிப்பார்கள். கை அரிக்கும் நாட்களில் இருக்கும் செடியிலிருந்தே குச்சி வெட்டி ஊன்றுவேன், அல்லது கிளையை வளைத்து மண்ணில் புதைத்துப் பதியன் போடுவேன். தொட்டி எண்ணிக்கை அதிலும் கூடும்தான். ஆனால் வேர் பிடிக்க வாரக்கணக்கில் ஆகும். அதுவரை தினமும் போய்ப் பார்க்க ஒன்று இருக்கிறது.

140 என்றதும் நான் முதலில் போட்டது தண்ணீர்க் கணக்கு. தொட்டிக்கு ஒரு நிமிடம் என்றால் இரண்டு மணி இருபது நிமிடம். அதைத் தினமும் செய்கிறவரைச் சோம்பேறி என்று யாரும் சொல்லமுடியாது. கவரில் இருப்பவற்றில் ஒன்றை மட்டும் இந்த ஞாயிற்றுக்கிழமை கிழியுங்கள். உள்ளே என்ன இருந்தது என்று எழுதுங்கள்.

அப்புறம், அந்த உரம் இன்னும் வாங்கியிருக்கமாட்டீர்கள். வீட்டில் வேறு யாரையாவது அனுப்புங்கள்.