காபிக் கடையில் இருப்பவரை முதலில் உள்ளே கூப்பிடுங்கள்

கேள்வி: நான் கும்பகோணத்துப் பெண், இப்போது நியூ ஜெர்சியில் இருக்கிறேன். கணவர் யூதர். ஏழு வயதில் ஒரு மகள். மாமனார் சென்ற ஆண்டு காலமானார். அப்பா வழியும் மகளுக்குத் தெரிய வேண்டும் என்று, இங்குள்ள ஒரு சினகாக்குக்கு (யூதக் கோயில்; ரிஃபார்ம் என்ற தாராளப் பிரிவைச் சேர்ந்தது) சில வெள்ளிக்கிழமைகள் போய் வந்தோம். அன்பாகப் பழகுகிறார்கள். கணவருக்கு ஈடுபாடும் இல்லை, எதிர்ப்பும் இல்லை; எங்களை வாசலில் இறக்கிவிட்டுப் பக்கத்துக் காபிக் கடையில் இருப்பார். மதம் மாறாமல் நான் உறுப்பினராகலாமா? செலவு அதிகமா? நான் இந்து என்பதால் பின்னால் மகளை ஒதுக்குவார்களா?

பதில்: மூன்று கேள்வி கேட்டிருக்கிறீர்கள். கேட்க வேண்டிய நாலாவதைப் போகிற போக்கில் சொல்லிவிட்டுப் போய்விட்டீர்கள். அந்தக் காபிக் கடை.

உங்கள் மகளுக்கு அந்தச் சினகாக்கில் இடம் எங்கிருந்து வருகிறது என்று யோசித்தீர்களா? யூத மரபுச் சட்டத்தில் பிள்ளை தாய் வழி. ஆர்த்தடாக்ஸ், கன்சர்வேட்டிவ் பிரிவுகளில் இன்றும் அதுதான் நிலை. அவர்கள் கணக்கில் உங்கள் மகள் யூதப் பெண் அல்ல. அமெரிக்க ரிஃபார்ம் ரபிகளின், அதாவது யூத மத குருக்களின், அமைப்புதான் 1983-ல் தீர்மானம் போட்டு, தாயோ தகப்பனோ ஒருவர் யூதராக இருந்தால் போதும் என்று வழி திறந்தது. அதிலும் ஒரு நிபந்தனை உண்டு. பிறப்பு மட்டும் போதாது. எபிரேயப் பெயர் வைப்பது, தோரா எனும் வேதப் படிப்பு, பாட் மிட்ஸ்வா (பெண் பிள்ளை மதப் பொறுப்பேற்கும் சடங்கு) என்று அந்தந்த வயதில், ஊரறியச் செய்து காட்ட வேண்டும். ஆக, அந்தக் குழந்தைக்கு இருக்கும் ஒரே பிடி அவள் அப்பா. அவரோ தெருமுனையில் காபி குடித்துக்கொண்டிருக்கிறார்.

‘எதிர்ப்பில்லை’ என்று அதை ஒரு பெருமை போல எழுதியிருக்கிறீர்கள். தடுக்காமல் இருப்பது தகப்பன் கடமை ஆகிவிடுமா? உங்கள் ஊரில் அப்பாவின் திவசத்தன்று மருமகளைப் பலகையில் உட்காரவைத்துவிட்டு மகன் ஹோட்டலுக்குப் போனால், ‘அவருக்கு எதிர்ப்பில்லை’ என்று யாராவது சொல்வார்களா? இறந்தவர் அவர் அப்பா. அந்தத் துக்கத்தையும் சேர்த்து நீங்கள் சுமக்கிறீர்கள். நல்ல மனசுதான், ஆனால் வேலை உங்களுடையது இல்லை.

நம்பிக்கை இல்லாதவரை எப்படி இழுத்துப்போவது என்பீர்கள். ரிஃபார்ம் சபைகளில் கடவுளை நம்பாதவர்கள் தாராளமாக இருக்கிறார்கள். அவரை யாரும் நம்பச் சொல்லவில்லை, வந்து உட்காரச் சொல்கிறோம். பலருக்குச் சின்ன வயசு எபிரேய வகுப்பின் கசப்பு இருக்கும். அதை அவர் வாயாலேயே கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

வழிபாட்டிலிருந்து தொடங்க வேண்டாம், படிவத்திலிருந்து தொடங்குங்கள். உறுப்பினர் படிவத்தில் யார்ட்ஸைட் என்று ஒரு கட்டம் இருக்கும். நம்முடைய திதி போன்றதுதான், எபிரேய நாட்காட்டிப்படி வரும். அங்கே நாள் சூரிய அஸ்தமனத்தில் பிறப்பதால், மாமனார் இறந்தது அஸ்தமனத்துக்கு முன்னா பின்னா என்பதைப் பொறுத்துத் தேதி ஒரு நாள் தள்ளும். இறப்புச் சான்றிதழில் உள்ள நேரத்தையும் அன்றைய அஸ்தமன நேரத்தையும் வைத்து அலுவலகத்திலேயே கணக்குப் போட்டுத் தருவார்கள். மாமனாரின் எபிரேயப் பெயரையும் கேட்பார்கள்; அதில் அவருடைய அப்பா பெயரும் சேர்ந்து வரும். இதெல்லாம் உங்களுக்குத் தெரியாது. கணவர் அவருடைய அம்மாவுக்குப் போன் போட்டுத்தான் ஆக வேண்டும். போடட்டும். அந்த வாரச் சபாத் (ஓய்வுநாள்) வழிபாட்டில் இறந்தவர் பெயரைப் படிப்பார்கள், பிள்ளைகள் எழுந்து கத்திஷ் என்ற துக்கப் பிரார்த்தனை சொல்வார்கள். முதல் வருஷ நாள் என்று வருகிறது என்று பாருங்கள். அன்றைக்கும் அவர் காபிக் கடைக்குப் போனால் எனக்கு மறுபடி எழுதுங்கள்.

வீட்டிலும் ஒன்று செய்யலாம். வெள்ளி இரவு மெழுகுவத்தி ஏற்றி, திராட்சை ரசத்துக்கும் ஹல்லா ரொட்டிக்கும் நன்றி சொல்வதோடு, பிள்ளையின் தலையில் கை வைத்து வாழ்த்துவதும் மரபு. மகளென்றால் சாரா, ரெபெக்கா, ராகேல், லேயாளைப் போல் இரு என்று தொடங்கி, மூன்று வரி ஆசியோடு முடியும். ஒரு நிமிஷம்கூட ஆகாது. நீங்கள் சொன்னாலும் ரிஃபார்மில் யாரும் தடுக்க மாட்டார்கள். அவர் கை வைக்கட்டும் என்றுதான் சொல்கிறேன்.

இனி உங்கள் மூன்று கேள்விகள். மதம் மாற வேண்டியதில்லை. உறுப்பினர் கணக்கே குடும்பத்துக்குத்தான், நீங்களும் அதில் அடக்கம். ஆனால் உங்களுக்கு வாக்கு உண்டா, நிர்வாகக் குழுவில் இருக்கலாமா, மகளின் பாட் மிட்ஸ்வா அன்று மேடையில் எதைச் சொல்லலாம், சபையின் கல்லறையில் உங்களுக்கும் இடம் உண்டா என்பதெல்லாம் சபைக்குச் சபை மாறும். விதிமுறைப் புத்தகத்தைக் கேட்டு வாங்குங்கள். சிரித்த முகத்தை நம்பி இதைக் கேட்காமல் விட்டவர்கள்தான் அழைப்பிதழ் அடித்த பிறகு கண்ணைக் கசக்குகிறார்கள்.

பணம்: சந்தா பெரும்பாலும் ஜூலை முதல் ஜூன் வரை. சில இடங்களில் வருமானத்தைப் பொறுத்து, சில இடங்களில் முடிந்ததைக் கொடு என்பார்கள். கட்டட நிதி, பாதுகாப்புக் கட்டணம், பள்ளிக் கட்டணம் தனியாக வரலாம். மொத்தத் தொகையை எழுத்தில் கேளுங்கள். முடியாவிட்டால் குறைக்கச் சொல்லிக் கேட்பதில் வெட்கமில்லை, அதை ரகசியமாகவே வைப்பார்கள். பாட் மிட்ஸ்வா பதின்மூன்று வயதில். அதற்குச் சில வருஷப் பள்ளி வருகை கட்டாயம், தேதியும் வெகு முன்னாலேயே ஒதுக்குவார்கள். பதினோரு வயதில் ஓடிவருகிற குடும்பங்கள் அங்கேதான் மாட்டிக்கொள்கின்றன. வகுப்பு பெரும்பாலும் ஞாயிறு காலை. மகள் பால விஹார் என்ற இந்து சமய வகுப்புக்கும் போகிறாள் என்றால் அதை மறைக்காதீர்கள். வேறு மதக் கல்வியும் பெறும் பிள்ளையைச் சேர்ப்பதில்லை என்ற விதி சில பள்ளிகளில் உண்டு. பொங்கலும் தீபாவளியும் வீட்டில் கொண்டாடுவது வேறு விஷயம்.

ஒதுக்குவார்களா என்றால், இந்தச் சபையில் மாட்டார்கள். பின்னாளில் அவள் கன்சர்வேட்டிவ் சபைக்குப் போனால், மூன்று பேர் கொண்ட பெத் தின் என்ற மத நீதிமன்றத்தின் முன் நின்று, மிக்வே என்ற சடங்குக் குளத்தில் முழுகச் சொல்வார்கள். இப்போதே அதைச் செய்துவைக்கும் பெற்றோரும் உண்டு. ரபியிடம் பேசுங்கள், கணவரையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு.

சில்லறை விஷயங்கள். 2018-ல் பிட்ஸ்பர்க் சினகாக்கில் 11 பேரைச் சுட்டுக் கொன்ற பிறகு பல இடங்களில் வாசலில் காவலர், பைச் சோதனை உண்டு. உங்கள் வீட்டார் யாரையாவது அழைத்துப்போனால் முன்கூட்டிச் சொல்லிவிடுங்கள். வீட்டிலிருந்து சாப்பாடு கொண்டுபோகலாமா என்று கேட்டுக்கொள்ளுங்கள். சம்மதம் என்றால் நம் சைவச் சாப்பாடு அனேகமாக எங்கும் செல்லும். பெசாக் பண்டிகை வாரத்தில் மட்டும் ரவை, சேமியா, சப்பாத்தி எதுவும் கூடாது. அரிசி, பருப்பை ரிஃபார்மில் அனுமதிப்பார்கள், சில வீடுகளில் அதையும் தொட மாட்டார்கள். சாம்பாரில் தைரியமாகப் பெருங்காயம் போட்டுவிடாதீர்கள். கடையில் விற்கும் கூட்டுப் பெருங்காயத்தில் கோதுமை மாவு கலந்திருக்கும். டப்பாவைத் திருப்பிப் படியுங்கள்.

அவர் எதற்குமே அசையவில்லை என்றால், படிவத்தில் கையெழுத்துப் போடாதீர்கள். விருந்தாளியாகவே போய் வாருங்கள்; வெள்ளிக்கிழமை வழிபாட்டுக்கு யாரும் காசு கேட்பதில்லை, ரோஷ் ஹஷானா, யோம் கிப்பூர் ஆகிய பெருநாட்களுக்கு மட்டும் அலுவலகத்தில் முன்பே இடம் கேட்டுவையுங்கள். மகளுக்கு ஏழு வயது. ஒரு வருஷம் பொறுக்கலாம். மூன்று வருஷம் பொறுக்க முடியாது, அதை அவரிடமே சொல்லுங்கள்.